சீன வாள் வாங்கும் முன்: காம்பைக் கேளுங்கள், விலையைப் பிறகு பேசலாம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சிலம்பத்தோடு வாள் வீச்சும் பழகுகிற சிலர், சீனாவில் கையால் அடித்த வாளை இணையத்தில் வாங்கி வெட்டுப் பயிற்சி செய்ய நினைக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, வாள்களைப் பிரித்துப் பழுது பார்த்து அனுபவம் உள்ள ஒருவர் பதில் சொல்கிறார். காம்பு என்றால் அலகிலிருந்து பிடிக்குள் போகும் இரும்புப் பகுதி.

அண்ணே, ஜியான் வாங்குறதா, தாவ் வாங்குறதா? எனக்குச் சிலம்பம் மட்டும்தான் தெரியும்.

தாவ் வாங்குங்கள் தம்பி. ஜியான் நேரானது, மெல்லியது, இரண்டு பக்கமும் கூர். வெட்டும் திசையிலிருந்து விளிம்பு கொஞ்சம் திரும்பினாலும் வெட்டிப் பழகும் பாய்ச் சுருளில் பாதியில் சிக்கி அலகு வளையும். தாவுக்கு ஒரு பக்கம்தான் கூர், முதுகு தடிப்பு. சின்னப் பிழையைத் தாங்கும். தாவிலும் வகை உண்டு. முனைப் பக்கம் அகன்று விரிவது நியூவெய்தாவ். 19ஆம் நூற்றாண்டில் பொதுமக்கள் கையில் புழங்கியது, பார்க்க எடுப்பானது. குறுகலாக, மெல்ல வளைந்து போவது லியூயேதாவ். பழகுகிறவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ஊஷு என்ற சீனத் தற்காப்புக் கலைப் போட்டிக்குச் செய்த தாவை மட்டும் வெட்டுக்கு வாங்கிவிடாதீர்கள். ஆட்டினால் தகரமாய்ச் சலசலக்கும். அது வேகத்துக்கும் சத்தத்துக்கும் செய்தது.

விற்பவர் 'லோங்சுவான் வாள்' என்கிறார். அந்த ஊர்ப் பெயர் இருந்தால் நம்பலாமா?

லோங்சுவான் செஜியாங் மாநிலத்தில் உள்ள ஊர். வாளுக்குப் பேர்போனது. ஆனால் சுவரில் மாட்டுகிற அலங்கார வாளும் அங்கேதான் செய்கிறார்கள், மரம் பிளக்கும் வாளும் அங்கேதான் செய்கிறார்கள். ஊர்ப் பெயரை விட்டுவிட்டு அளவுகளைக் கேளுங்கள்: உறை இல்லாமல் எடை எவ்வளவு, கைக்காப்பிலிருந்து (பிடிக்கும் அலகுக்கும் நடுவில் உள்ள தடுப்பு) எத்தனை சென்டிமீட்டரில் சமநிலைப் புள்ளி (விரலில் வைத்தால் வாள் சாயாமல் நிற்கும் இடம்), கைக்காப்பு அருகிலும் நடுவிலும் முனைக்கு ஒரு சாண் முன்பும் அலகின் தடிப்பு எவ்வளவு, விளிம்பின் கடினம் எவ்வளவு, முதுகின் கடினம் எவ்வளவு. இதற்கு எண்ணாகப் பதில் சொல்பவரிடம் மேற்கொண்டு பேசலாம். 'மிக நல்ல தரம், நண்பரே' என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த கடையைப் பாருங்கள்.

அந்த எண்கள் வந்தால் எதோடு ஒப்பிடுவது?

ஒரு கையால் பிடிக்கும் ஜியான் என்றால் அலகு 70 முதல் 76 செ.மீ., எடை 700 முதல் 1,000 கிராம். தாவ் சற்றுக் கூடலாம், 1,100 கிராம் வரை சரி. சமநிலைப் புள்ளி ஜியானுக்குக் கைக்காப்பிலிருந்து 10 முதல் 16 செ.மீ., தாவுக்கு 18 வரை போகலாம்.

தடிப்பைத்தான் பலர் கேட்பதே இல்லை. நல்ல அலகு கைக்காப்பு அருகே 7 மி.மீ. இருந்தால் முனைப் பக்கம் 3, 4 மி.மீ. ஆக மெலிந்து போகும். அடியிலிருந்து நுனி வரை ஒரே தடிப்பு என்றால் பட்டை இரும்பைச் சும்மா தேய்த்துக் கூர் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட வாள் முனையில் கனக்கும். பத்து வெட்டில் தோள் இறங்கிவிடும், தோள் இறங்கினால் விளிம்பு திரும்பும்.

65 மாங்கனீஸ், டி10, 1060, மடித்து அடித்த டமாஸ்கஸ்... எந்த எஃகை எடுப்பது? டமாஸ்கஸ் பார்க்க அழகா இருக்கே!

அழகுதான். காசும் அழகுக்குத்தான் போகிறது. இன்றைய ஆலை எஃகு ஏற்கெனவே சுத்தமானது. அதை மடித்து அடிப்பதால் பலம் கூடாது, மடிப்பு சரியாக ஒட்டாத இடம் உள்ளே தங்கிவிடும் ஆபத்துதான் கூடும்.

வெட்டுப் பயிற்சிக்கு 1060 அல்லது 65 மாங்கனீஸ் போதும். இரண்டிலும் கார்பன் சுமார் 0.6 விழுக்காடு. டி10-இல் கார்பன் ஏறக்குறைய 1 விழுக்காடு. கூர் நிற்கும், ஆனால் தவறாக வெட்டினால் விளிம்பு உடையும். 9260 என்ற எஃகில் சிலிக்கான் சுமார் 2 விழுக்காடு இருப்பதால் வளைந்து திரும்பி வருவதில் கெட்டி. துருப்பிடிக்காத எஃகில் செய்த நீள வாளை வெட்டுக்குத் தொடவே வேண்டாம். அந்த நீளத்தில் முறியும்.

எஃகின் பெயரைவிடத் தோய்ச்சல், அதாவது காய்ச்சிச் சட்டென்று குளிர வைத்துப் பதம் ஏற்றுவது, முக்கியம். அலகு முழுதும் ஒரே பதம் என்றால் கடினம் ராக்வெல் அளவில் 48 முதல் 54. களிமண் பூசித் தோய்த்தது என்றால் விளிம்பு 58 முதல் 60, முதுகு 40 அளவு. முதல் வகை வளைந்தால் திரும்பும். இரண்டாவது கூர் காக்கும், ஆனால் வளைந்தால் வளைந்தபடியே நிற்கும். புதிதாகப் பழகுபவர் முதல் வகையை எடுங்கள்.

நான் செம்பனை ஆலையில் பிட்டர், இயந்திரம் பொருத்துகிற வேலை. அரம் போட்டுப் பார்த்தால் தெரியுமா, ஐயா?

தெரியும். புது அரத்தின் கடினம் 65 ராக்வெல் அளவு. களிமண் பூசித் தோய்த்த விளிம்பில் அரம் வழுக்க வேண்டும், முதுகில் பிடிக்க வேண்டும். ஒரே பதம் வைத்த அலகில் சிரமப்பட்டுக் கொஞ்சம் பிடிக்கும். விளிம்பில் வெண்ணெயாய் இறங்கினால் தோய்ச்சலே இல்லை. கைக்காப்பை ஒட்டிய இடத்தில் ஒரே ஒரு தேய்ப்பு போதும், அங்கே யாரும் வெட்டுவதில்லை.

வளைத்துப் பார்ப்பதாக இருந்தால் ஒரே பதம் வைத்த அலகை மட்டும் வளையுங்கள். முனையைப் பலகையில் ஊன்றி, நடுப்பகுதி நான்கு விரல் விலகும் அளவு அழுத்தி விடுங்கள். பிறகு முதுகோடு கண்ணை வைத்துப் பாருங்கள். நேராக இருந்தால் சரி. களிமண் வகையில் இதைச் செய்தால் கோணிப் போன வாள்தான் மிஞ்சும், விற்றவர் திருப்பி எடுக்கவும் மாட்டார்.

காம்பு முழுசா இருக்கணும்னு சொல்றாங்க. பிடிக்குள்ள இருக்கிறதை எப்படிப் பார்க்கிறது?

பணம் கட்டும் முன் பிடி போடாத அலகின் படத்தைக் கேளுங்கள். உங்கள் வாளுடைய படம், விளம்பரப் படம் இல்லை. உயிர் போகிற விஷயம் இது ஒன்றுதான். வீசும்போது காம்பு முறிந்தால் 70 செ.மீ. கூர் இரும்பு முன்னால் பறக்கும்.

அலகும் காம்பும் ஒரே துண்டாக இருக்க வேண்டும். அகலம் அலகிலிருந்து படிப்படியாகக் குறைந்து பிடியின் கடைசியில் உள்ள குமிழ் வரை போக வேண்டும். அலகு காம்பாக மாறும் மூலையில் சின்ன வளைவு இருக்க வேண்டும். செங்கோணமாக வெட்டியிருந்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். மலிவு வாளில் மெல்லிய திருகாணிக் கம்பி ஒன்றை அலகின் அடியில் வெல்டிங் வைத்து, மறுமுனையில் நட்டுப் போட்டு முடித்திருப்பார்கள். வெல்டிங் சூட்டில் அந்த இடத்துப் பதம் போய்விடும், முறிவதும் அங்கேதான். குமிழில் நட்டு இருந்தாலே மோசம் என்று சொல்ல மாட்டேன். தடித்த காம்பின் நுனியிலேயே மரை வெட்டியிருந்தால் பரவாயில்லை. காம்பு நுனியைக் குமிழ் மேல் அடித்துப் பரத்தி இறுக்கியிருப்பது இன்னும் நல்லது.

வாள் கைக்கு வந்ததும் முனையை மேலே வைத்துப் பிடியைப் பிடித்து, அந்த மணிக்கட்டில் மறுகையால் தட்டுங்கள். அலகு அதிர்ந்து அடங்க வேண்டும். 'டக்' என்று சத்தம் வந்தால் உள்ளே எதுவோ தளர்வு. வெட்ட வேண்டாம், திருப்பி அனுப்புங்கள்.

ரோஸ்வுட் பிடி வாங்கலாமா?

நம் வெயிலில் வியர்த்த கைக்கு வழுக்கும். பருத்திக் கயிறு இறுக்கிச் சுற்றியதை வாங்குங்கள்.

எதை வெட்டிப் பழகுவது? எங்க பக்கம் வாழையும் செம்பனை மட்டையும்தான் கிடைக்கும்.

செம்பனை மட்டை வேண்டவே வேண்டாம். அது பாராங் என்ற வெட்டுக்கத்தியின் வேலை. பால்மரக் கிளை, தேங்காய், காய்ந்த மூங்கிலும் வேண்டாம். முதலில் 1.5 லிட்டர் தண்ணீர் போத்தல், தண்ணீர் நிரப்பி மூடியது. விளிம்பு நேராகப் போனால் போத்தலின் அடிப்பாகம் நின்ற இடத்திலேயே நிற்கும். பறந்தால் அடித்திருக்கிறீர்கள், வெட்டவில்லை.

அடுத்தது மெங்குவாங் பாய், அதாவது தாழை ஓலைப் பாய். பழைய பாயே போதும், பிளாஸ்டிக் பாய் ஆகாது. 8, 9 செ.மீ. தடிப்புக்கு இறுக்கிச் சுருட்டி, ராஃபியா கயிற்றால் நாலைந்து இடத்தில் கட்டி, ஓரிரவு தண்ணீரில் ஊற வையுங்கள். எடுத்து ஒரு மணி நேரம் நீர் வடிய நிறுத்துங்கள். நிறுத்தும் முளை மரமாக இருக்கட்டும், ஆணி ஒன்றுகூட வேண்டாம். முளை பாய்க்குள் 15 செ.மீ. போயிருந்தால் அதற்கு மேலேதான் வெட்ட வேண்டும்.

வாழைமரம் மென்மை, எல்லாப் பிழையையும் மன்னிக்கும். அதனால் அதில் நன்றாக வெட்டுகிறோம் என்று நம்பிவிடாதீர்கள். வாழைச்சாறு கார்பன் எஃகில் கறுப்புக் கறை வைக்கும், வெட்டி முடித்த உடனே துடையுங்கள்.

வெட்டுபவரைச் சுற்றி 5 மீட்டருக்குள் ஆள் கூடாது. நேர் எதிரே எவ்வளவு தூரத்திலும் கூடாது. காலில் சப்பாத்து போடுங்கள்.

கூர் மங்கினால் பட்டறையில் கொடுத்து கிரைண்டரில் பிடிக்கலாமா?

கூடாது. விளிம்பு நீலமாக மாறினால் சூடு ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டிருக்கிறது, அந்த இடத்தில் தோய்ச்சல் கெட்டிருக்கலாம். 400, 1000 எண் சாணைக்கல், தண்ணீர், பொறுமை. விளிம்பின் மெல்லிய வயிற்று வளைவைத் தட்டையாக்காமல் தேய்க்க வேண்டும்.

அக்கா ஒருத்தர் தேங்காய் எண்ணெய் பூசச் சொன்னார்...

தலைக்குப் பூசுங்கள். வாளில் அது நாள்பட்டால் கெட்டுக் காறிப்போகும். தையல் மிஷின் எண்ணெய் மெல்லியதாக ஒரு பூச்சு போதும். நம் ஊர் ஈரத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை துடைத்துப் பூசுங்கள், விரல்ரேகை பட்ட அன்றே துடையுங்கள். தோல் உறையில் வைத்தே விடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

வீட்டில் வைத்திருந்தால் போலீஸ் பிரச்சினை வருமா?

1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது: அரிக்கும், வெடிக்கும் பொருள்கள், ஆபத்தான ஆயுதங்கள் பற்றியது. சட்டப்படியான காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆபத்தான ஆயுதம் வைத்திருப்பது அதில் குற்றம். சிறையும் பிரம்படியும் உண்டு. காரில் சும்மா போட்டுச் சுற்றாதீர்கள். பயிற்சிக்கு எடுத்துப் போனால் பூட்டிய பெட்டியில், பதிவுபெற்ற கழகத்தின் கடிதத்தோடு, நேராகப் போய் நேராக வாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால், சுங்கப் பட்டியலில் வாள்கள் 9307 என்ற தலைப்பில் வருகின்றன. பணம் கட்டும் முன்பே அந்த எண்ணைச் சொல்லிச் சுங்கத்துறையிலும் காவல் நிலையத்திலும் அனுமதி பற்றிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மழைக்காலத்தில் வாள் உறையிலிருந்து வரவே மாட்டேங்குது. இழுத்தால் பயமா இருக்கு.

இழுக்காதீர்கள். மர உறை ஈரத்தில் ஊதியிருக்கிறது. காற்றாடி அடியில் இரண்டு நாள் வையுங்கள், தளரும். எடுக்கும்போது உறையின் வாய்ப்பகுதியை விரல்களால் சுற்றிப் பிடிக்க வேண்டாம். உறை பிளந்தால் கூர் விரலில்தான் இறங்கும். ஜியானுக்கு இரண்டு பக்கமும் கூர் என்பதால் தட்டையான பக்கங்களை மட்டும் பிடியுங்கள். வெளியே வந்ததும் உறைக்குள் மெழுகோ எண்ணெயோ ஊற்ற வேண்டாம். உள்ளே எங்கே பளபளவென்று உரசல் தெரிகிறதோ அந்த இடத்தை மட்டும் குச்சியில் சுற்றிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, தூளை நன்றாகத் தட்டிக் கொட்டிய பிறகு வாளைப் போடுங்கள்.