கீழ்ப்படிதல்: உபதேசியாரிடம் சில கேள்விகள்

பாம்பனிலிருந்து ஒரு தங்கை: பங்குச்சாமியாரின் கீழ்ப்படிதலும் மடத்துக் கன்னியர்களின் கீழ்ப்படிதலும் ஒன்றா?

இல்லைம்மா. கன்னியர்கள் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடு (கடவுளுக்குத் தரும் வாக்குறுதி) கொடுக்கிறார்கள். பங்குச்சாமியாராக இருக்கும் மறைமாவட்டக் குரு தம் ஆயருக்கு (பிஷப்புக்கு) கீழ்ப்படிவதாக வாக்களிக்கிறார். ஏழ்மை வார்த்தைப்பாடு அவருக்குக் கிடையாது.

தொண்டியிலிருந்து ஒரு தம்பி: போர்த்துகலிலிருந்து வந்த இயேசு சபைக் குரு அருளானந்தர், மறவர் நாட்டு மன்னர் சேதுபதியின் தடையை மீறியவர்தானே? அவரைப் போய்க் கீழ்ப்படிதலுக்கு உதாரணம் காட்டுகிறார்களே!

நல்ல கேள்வி. 1686-இல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். போதிக்கக்கூடாது என்று சொல்லித்தான் விடுவித்தார்கள். பிறகு இயேசு சபை மேலாளர்கள் அனுப்ப, ஐரோப்பா போனார். போர்த்துகல் மன்னர் அங்கேயே வைத்துக்கொள்ள விரும்பியும் 1690-இல் இந்தியா திரும்பினார். 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. இரண்டு மன்னர்களின் விருப்பத்துக்கும் அவர் இணங்கவில்லை. மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று திருத்தூதர் பணிகள் 5:29 சொல்கிறது. ஆனால் ஒன்றைக் கவனி: அவர் வாளெடுக்கவில்லை, ஊரைத் திரட்டவில்லை. தண்டனையைத் தானே ஏற்றார். மறுப்பதற்கும் கலகத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

மூக்கையூரிலிருந்து ஓர் அண்ணன்: திருவிழாக் கணக்குக் கேட்டேன். "பங்குச்சாமியை எதிர்க்கிறான்" என்கிறார்கள்.

கணக்குக் கேட்பது எதிர்ப்பே இல்லை. விசுவாசிகள் கொடுத்ததற்கு அவர்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1287-ஆம் விதி. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது 537-ஆம் விதி. கேட்கும் விதம் மட்டும் மரியாதையாக இருக்கட்டும்.

தங்கச்சிமடத்திலிருந்து: விசைப்படகில் டிரைவரிடம் எவனாவது கணக்குக் கேட்பானா? சொன்னதைச் செய்வான். பங்குக் கோயிலும் அப்படித்தான்.

இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நடுக்கடலில் டிரைவர் சொல்தான், சரி. ஆனால் முன்னால் பார் (கடல் பாறை) தெரிந்தால் வலைக்காரன் கத்தாமல் இருப்பானா? கத்தாவிட்டால் எல்லாரும் போவோம். கரைக்கு வந்தபிறகு மீன் விலையும் ஆளுக்குரிய பங்கும் எல்லார் முன்னாலும்தான் பேசப்படுகிறது. மத்தேயு 8-இல் நூறு வீரர்களுக்குத் தலைவனான நூற்றுவர் தலைவன் "நானும் அதிகாரத்துக்கு உட்பட்டவன்" என்கிறான். தனக்கு மேலே ஒருவர் இருப்பதை அறிந்தவனுக்குத்தான் கீழே உள்ளவனின் குரல் கேட்கும். ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவியதை மறந்துவிட்டுக் கீழ்ப்படிதலை மட்டும் போதிப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

மண்டபத்திலிருந்து: மனைவி கணவனுக்குப் பணிய வேண்டும் என்று பவுல் எழுதியிருக்கிறாரே?

வசனத்தைப் பாதியில் பிடிக்காதீர்கள். எபேசியர் 5:22-க்கு முன்னால் 21 இருக்கிறது: ஒருவருக்கொருவர் பணியுங்கள். அப்புறம் 25-ஐயும் வாசியுங்கள்: கிறிஸ்து திருச்சபைக்குத் தம்மைக் கையளித்ததுபோல் கணவன் அன்பு செய்ய வேண்டும்.

பாம்பனிலிருந்து: பிள்ளைகள் பெற்றோருக்கு...?

அதே எச்சரிக்கைதான். பெற்றோருக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற எபேசியர் 6:1-ஐ மட்டும் சொல்லிப் பிள்ளையை அடிக்காதீர்கள். 6:4 தகப்பனுக்கு எழுதியது: பிள்ளைகளுக்கு எரிச்சல் மூட்டாதீர்கள்.

ராமேசுவரத்திலிருந்து: கணக்குக் கேட்டால் பாவமா?

மேலே மூக்கையூர் அண்ணனுக்குச் சொன்னதைப் பாருங்கள்.

ஏர்வாடியிலிருந்து: எங்கள் கோயில் நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்க வேண்டும்?

அது என் வேலை இல்லை தம்பி. பத்திரத்தோடு சிவகங்கை ஆயரகத்துக்குப் போங்கள்.