பழைய சிறையைப் பார்க்கப் பள்ளிச் சுற்றுலா: சேலத்திலிருந்து எங்கே, எப்படி?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 60 பேருக்குப் பழைய சிறை ஒன்றைக் காட்ட வேண்டும். காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிட வேண்டும். அஸ்தம்பட்டி மத்திய சிறைக்கே கூட்டிப்போகலாமா? – சமூக அறிவியல் ஆசிரியை, சேலம்.

அங்கே முடியாது. 1862-இல் தொடங்கிய சேலம் மத்திய சிறை இன்றும் கைதிகள் இருக்கும் சிறைதான். ஆனால் பாடத்தை அங்கிருந்தே தொடங்குங்கள். 1950 பிப்ரவரி 11 அன்று அந்த மதிலுக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். நாடு குடியரசாகி அப்போது 16 நாள்தான் ஆகியிருந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும்.

ஒரே நாளில் போய்வரத் தோதான இடம் பெங்களூரு ஃப்ரீடம் பார்க். சுமார் 200 கி.மீ. அந்த ஊரின் பழைய மத்திய சிறை அது. நெருக்கடி நிலையில் வாஜ்பாய், அத்வானி அடைக்கப்பட்டிருந்த இடம். நடுவிலுள்ள காவல் கோபுரத்தையும் சுற்றியுள்ள கொட்டடிகளையும் காட்டி, "இங்கே நிற்கும் காவலருக்கு எது எது தெரியும்?" என்று கேளுங்கள். கட்டடத்தின் நோக்கம் அவர்களுக்கே பிடிபடும். போராட்டங்களும் அங்கேதான் நடக்கும் என்பதால், முந்தின நாள் போனில் விசாரித்துக்கொள்வது நல்லது.

கிளம்புவதற்கு முந்தின வாரம் வகுப்புத் தரையில் சாக்பீஸால் 15 அடி நீளம், 9 அடி அகலத்துக்குக் கட்டம் போடுங்கள். அந்தமான் செல்லுலார் சிறையின் தனி அறை ஏறக்குறைய இந்த அளவுதான். சுவரில் 10 அடி உயரத்தில் ஒரு கோடு. காற்றுத் துவாரம் அங்கே. ஒரு பிள்ளையைக் கட்டத்துக்குள் நிற்கவைத்து, கையைத் தூக்கி எட்டச் சொல்லுங்கள். எட்டாது. இதைச் செய்யாமல் கூட்டிப்போனால் பார்க் பார்த்த கதையாகத்தான் முடியும்.

பெற்றோர் ஒப்புதல், கல்வித்துறை அனுமதி இரண்டும் எழுத்தில் இருக்கட்டும். பேருந்துக்குக் கர்நாடகத்தில் நுழையும் அனுமதியும் வரிச் சீட்டும் உண்டா என்று பதிவு செய்யும்போதே பாருங்கள். இல்லாவிட்டால் எல்லையில் அத்திப்பள்ளியிலேயே நிறுத்திவிடுவார்கள். 15 பேருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் கேன் குறைந்தது மூன்று.

காலை 5 மணிக்குப் புறப்பட்டு, பிற்பகல் 2 மணிக்கு அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். திரும்பும்போது தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதும் இடம் அது. விடியலிலிருந்து ஓட்டிய டிரைவர் அதை இருட்டில் இறக்கக் கூடாது. இரண்டாவது டிரைவரைக் கேட்டு வாங்குங்கள்.

இரும்புக் கதவு எதையும் பிள்ளைகள் இழுத்துச் சாத்த விடாதீர்கள். கீலில் விரல் நசுங்கும். கைதி வேஷம், விலங்கு மாட்டிப் படம் எடுப்பது இவையும் வேண்டாம். அப்பாவோ அண்ணனோ சிறையில் இருக்கும் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். யார் என்று விசாரிக்காதீர்கள். வர விருப்பமில்லை என்று யாராவது சொன்னால், காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள்.