வளவுக்குள் நிற்கும் காரை மறுபடி வீதிக்கு ஏற்றலாமா?

கேள்வி: அப்பா வாங்கிய நிசான் சன்னி பி12 கார் சில வருடங்களாக வளவில் மாமரத்துக்குக் கீழே அப்படியே நிற்கிறது. அப்பா இப்போது இல்லை. அதை மறுபடி ஓட வைக்க எனக்கு ஆசை. வந்து பார்த்த மெக்கானிக், எஞ்சினை இறக்கி ஓவர்ஹோல் பண்ணாமல் சரிவராது என்கிறார். ஆனால் அவர் பொனற்றைத் திறந்து பார்த்ததோடு சரி. அண்ணா கனடாவில் இருந்து 'வித்துத் தள்ளு' என்கிறார். மோட்டார் சைக்கிள் வேலை எனக்குக் கொஞ்சம் கைவரும். வீட்டில் வைத்தே எவ்வளவு தூரம் செய்யலாம்? (கொக்குவில் வாசகர்)

பதில்: கன தூரம் செய்யலாம். ஓவர்ஹோலுக்கு மட்டும் இப்போது தலையாட்ட வேண்டாம். எஞ்சினை ஒரு சுற்றுக்கூடச் சுற்றிப் பார்க்காமல், கம்பிறெஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) அளக்காமல் அதைக் கழற்றச் சொல்பவரிடம் காரை ஒப்படைக்காதீர்கள். ஓடாமல் நின்ற காரில் எஞ்சினை விட முதலில் கெடுவது பிறேக், ரயர், பெற்றோல் ராங்க், ரப்பர் குழாய்கள், வயர் என்பவைதான். கார் ஓடுமா என்று பார்க்க முதல் அது நிற்குமா என்று பாருங்கள். காசையும் அந்த ஒழுங்கிலேயே செலவழியுங்கள்.

ஸ்பானரைத் தொட முதல் பதிவுப் புத்தகத்தை எடுங்கள். அதில் இருப்பது அப்பாவின் பெயர்தானா, அல்லது அவரும் பெயர் மாற்றாமல் 'ஓப்பன் பேப்பரில்' வாங்கி வைத்திருந்தாரா? சேசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா? எங்கள் பக்கத்துப் பழைய கார்களில் இடையில் எஞ்சின் மாறியவை நிறைய. மாற்றியதைப் புத்தகத்தில் பதியாமல் விட்டவையும் உண்டு. அப்பாவின் பெயரில் இருந்தால் மரணச் சான்றிதழோடு உரித்தாளர் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு அம்மா, அண்ணா, மற்றச் சகோதரர்களின் சம்மதம் தேவைப்படும். அண்ணாவோடு கதைத்து அதை இப்போதே முடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் காசைக் கொட்டித் திருத்திய பிறகு முதுசச் சண்டை வந்தால் கார் திரும்பவும் மாமரத்துக்குக் கீழேதான். வருமான அனுமதிப்பத்திரம் (வருடா வருடம் எடுக்கிற வாகன லைசென்ஸ்) எத்தனை வருடம் நிலுவையில் கிடக்கிறது, என்ன கட்டவேண்டி வரும் என்பதையும் பிரதேச செயலகத்தில் கேட்டு எழுதி எடுங்கள். இவ்வளவும் தெரிந்த பிறகுதான் அண்ணா சொல்வது சரியா, உங்கள் ஆசை சரியா என்று கணக்குப் பார்க்கலாம்.

அப்புறம் காருக்கு வாருங்கள். மாமரத்துக்குக் கீழே நின்றது என்கிறீர்கள். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கிற பள்ளத்தில் கையை விட்டுப் பாருங்கள். உக்கிய மாவிலை அங்கே கறுத்த எருவாக அடைந்து கிடக்கும். மழைத் தண்ணீர் வடிகிற துவாரம் அதால் அடைபட்டால் தண்ணீர் உள்ளே இறங்கிக் கால்மிதிக்குக் கீழே தங்கும். பாயைக் கிளப்பித் தகட்டைப் பெருவிரலால் அழுத்துங்கள். பொருபொருவென்று சத்தம் வந்தால் ஸ்குறூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். முனை மறுபக்கம் போகிற இடமெல்லாம் வெட்டித் தகடு வைத்து ஒட்ட வேண்டிய இடம். கடல் காற்றுப் படும் யாழ். குடாநாட்டில் துருதான் காரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. எஞ்சினுக்குப் பாட்ஸ் வாங்கலாம், உக்கிய சேசிக்கு வாங்க முடியாது. பக்கவாட்டுச் சட்டங்களும் பின் ஸ்பிறிங் பிடிக்கிற இடங்களும் உக்கியிருந்தால் அண்ணாவின் பேச்சைக் கேளுங்கள். தரையில் அங்கங்கே சின்ன ஓட்டை என்றால் பயமில்லை, மேலே போகலாம்.

பொனற்றுக்குள் கை விட முதல் தடியால் தட்டிவிட்டு, ரோர்ச் அடித்துப் பாருங்கள். எலி, குளவிக்கூடு, சில வேளை பாம்பு. எயார் பில்டர் பெட்டியும் சைலன்சர் குழாயும் எலிக்கு நல்ல வீடு. எலி கடித்த வயரை ரேப் சுற்றி மறைக்காதீர்கள், அந்தத் துண்டை மாற்றுங்கள். பற்றரி கொழுவுவது அதற்குப் பிறகு. பழைய பற்றரி அநேகமாகச் செத்திருக்கும். சார்ஜ் ஏற்றி ஒரு இரவு விட்டு மீற்றரால் பாருங்கள், 12.6 வோல்ற் அளவில் நின்றால் நல்லது. 12க்குக் கீழே இறங்கினால் அதில் மினைக்கெட வேண்டாம்.

ராங்கில் கிடக்கும் பெற்றோலை ஒரு போதும் எஞ்சினுக்குப் போகவிடாதீர்கள். பழைய பெற்றோல் வார்னிஷ் போல மணக்கும், பிசின் படிந்து காபரேற்றரின் நுண்ணிய ஓட்டைகளை அடைக்கும். ராங்கின் அடி நட்டைக் கழற்றி வெளியில், அடுப்புக்கும் சிகரெட்டுக்கும் தூரமாக வைத்து வடித்தெடுங்கள். அதை மோட்டார் சைக்கிளுக்கு விட்டும் பார்க்காதீர்கள். பெற்றோல் பில்டரையும் ரப்பர் குழாய்களையும் புதிதாகப் போடுங்கள். வெடித்த குழாயிலிருந்து சூடான எஞ்சினில் பெற்றோல் சொட்டினால் கார் எரியும். பிறகு காபரேற்றரைக் கழற்றிக் கழுவுங்கள். உங்களுக்கு வருகிற வேலைதான், கொஞ்சம் பெரியது. ஸ்பிறிங், நீடில், ஜெற் என்று கழற்றுகிற ஒழுங்கிலேயே படம் எடுத்து வையுங்கள்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது இங்கே ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் காலத்தைப் பார்த்த ஒரு பெரியவர் உங்களுக்கும் மண்ணெண்ணெய் கலக்கச் சொல்லக்கூடும். வேண்டாம். வேறு வழியில்லாமல் செய்த வேலை அது. சன்னிக்குச் சாதாரண 92 ஒக்ரேன் பெற்றோல் போதும்.

இனி அந்த ஓவர்ஹோல் கதை. நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாள் கியரை நியூற்றலில் போட்டு, கிறாங்க் புலியில் (எஞ்சின் தண்டின் முனையில் பெல்ட் ஓடுகிற சக்கரம்) ஸ்பானர் வைத்துக் கையால் சுற்றுங்கள். இலகுவாகச் சுற்றினால் எஞ்சின் இறுகவில்லை. இறுகியிருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள், இன்னும் இரண்டு மூன்று நாள் ஒயிலில் ஊறவிடுங்கள்.

பி12இல் பெரும்பாலும் வந்தவை இரண்டு வகைப் பெற்றோல் எஞ்சின்கள். ஈ15 போன்ற ஈ வகைக்கு ரைமிங் பெல்ட், ஜிஏ வகைக்குச் செயின். உங்களுடையது ஈ வகை என்றால் பெல்ட்டை மாற்றாமல் ஸ்ராட் பண்ண வேண்டாம். ஒரே இடத்தில் வளைந்து காய்ந்த பெல்ட்டை நம்ப முடியாது. எஞ்சின் ஒயிலையும் பில்டரையும் மாற்றி, பிளக் இல்லாமலே, கொயில் வயரையும் கழற்றிவிட்டு, டாஷ்போர்ட்டில் ஒயில் லைற் அணையும் வரை விட்டு விட்டுச் செல்ப் அடியுங்கள். உள்ளே எல்லா இடமும் ஒயில் ஏறிய பிறகு பிளக்கைப் போட்டு ஸ்ராட் பண்ணலாம். முதலில் புகையும், ஊறவிட்ட ஒயில் எரிகிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் நீலப் புகை நிற்காவிட்டால் அப்போது கம்பிறெஷன் அளக்கச் சொல்லுங்கள். நாலு சிலிண்டரும் அந்த எஞ்சினுக்கு உரிய அளவுக்குக் குறையாமல், கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினால் ஓவர்ஹோலுக்கு அவசரப்பட வேண்டாம்.

றேடியேற்றருக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்ற வேண்டாம். சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருகிற தண்ணீர் அது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதே றேடியேற்றர் குழாய்களுக்குள்ளும் படிந்து எஞ்சினைக் கொதிக்க வைக்கும். பழையதை வடித்து, தெளிந்து வரும் வரை கழுவி, கூலன்றோடு பற்றரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த தண்ணீர், அசிற் அல்ல) கலந்து விடுங்கள். தெர்மோஸ்ராற்றை (எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கிற வால்வு) கழற்றி எறியச் சொல்பவர்கள் உண்டு. எறியாதீர்கள், புதியது ஒன்று போடுங்கள்.

பிறேக் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நின்ற காரில் அந்த ஈரம் சில்லு சிலிண்டர்களுக்குள் துருவாகியிருக்கும், ரப்பர்களும் காய்ந்திருக்கும். பெடலை மிதித்தால் இறுக்கமாக இருக்கிறது என்பதை நம்பி வீதிக்கு எடுத்தால், அவசரத்தில் ஊன்றி மிதிக்கிற அந்த ஒரு தரத்தில் ரப்பர் கிழிந்து பெடல் தரைக்குப் போய்விடும். நாலு சில்லையும் கழற்றி சிலிண்டர் கிட், ரப்பர் ஹோஸ், மாஸ்ரர் சிலிண்டர் எல்லாவற்றையும் பார்த்து மாற்றி, புது ஒயில் விட்டு, குழாய்களுக்குள் நிற்கிற காற்றை வெளியேற்ற வேண்டும். கழற்றுவதை நீங்கள் செய்யுங்கள். பூட்டுவதைப் பிறேக் வேலை தெரிந்த ஒருவரைக் கூட வைத்துச் செய்யுங்கள். அந்தக் கூலியில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகவே கூடாது. சீமெந்துக் கல்லும் உதவாது, சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். இரும்பு ஸ்ராண்ட் வாங்குங்கள் அல்லது இரவல் எடுங்கள்.

ரயரில் பூ (வீதியில் படுகிற பக்கத்துப் பள்ளக் கோடுகள்) இருக்கிறது என்று பார்த்து ஏமாறாதீர்கள். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பத்து வருடம் கடந்த ரயர், பூ எவ்வளவு இருந்தாலும், கழிவுதான்.

பாட்ஸை யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் கேட்டுப் பாருங்கள். அங்கே இல்லாதது கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழையதாகவாவது கிடைக்கலாம். ஆனால் பிறேக் ரப்பர், ஹோஸ், பெல்ட் மூன்றையும் பழையதாக வாங்க வேண்டாம். கழற்றிய சாமானைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். பி12க்கு என்று சொன்னால் மட்டும் போதாது.

கேள்வி: கார் வளவுக்குள் நன்றாக ஓடுகிறது. புகைப் பரிசோதனைக்கு மட்டும் ஓட்டிக்கொண்டு போகலாமா? கிட்டத்தான் இருக்கிறது. (நல்லூர் வாசகர்)

பதில்: முதலில் காப்புறுதி. குறைந்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதியாவது இல்லாமல் கேற்றைத் தாண்டக்கூடாது. கிட்டவோ தூரவோ, ஒருவரை இடித்தால் உங்கள் வீடு வளவுதான் ஈடு. வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியான காரை, கார் ஏற்றுகிற கரியர் லொறியில் ஏற்றிக்கொண்டு போங்கள். காப்புறுதிச் சான்றிதழும் புகைச் சான்றிதழும் கையில் இருந்தால்தான் புது அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். பரிசோதனைக்கு முன் எயார் பில்டரும் பிளக்குகளும் புதிதாக இருக்கட்டும், எஞ்சினையும் நன்றாகச் சூடாக்குங்கள். காபரேற்றர் கார் பெயிலாவது அநேகமாகப் பெற்றோல் கூடுதலாக எரிவதால். அதைச் சீர்படுத்தச் சில நிமிட வேலை போதும்.

கேள்வி: 'சின்னச் சின்ன வேலை இருக்கு' என்று ஒரு பழைய லான்சர் விளம்பரத்தில் வந்திருக்கிறது. வாங்கித் திருத்தலாமா? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: வீட்டில் ஏற்கனவே நிற்கிற காரைத் திருத்துவது ஒன்று, நின்ற காரைக் காசு கொடுத்து வாங்குவது வேறு. 2020இல் வாகன இறக்குமதி நின்றபோது பழைய கார்களின் விலை எக்கச்சக்கமாக ஏறியது. 2025இல் இறக்குமதி திறந்த பிறகும் பல விற்பனையாளர்கள் அந்த விலையை விட்டு இறங்கவில்லை. சின்ன வேலைதான் என்றால், அதைச் செய்துவிட்டு விற்கச் சொல்லிக் கேளுங்கள். மாட்டேன் என்றால் வேலை சின்னதல்ல. உரிமையாளர் பெயரில் புத்தகம் இல்லாத காருக்கு முற்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஒரு கராஜில் காபரேற்றர் மாற்றியதாகச் சொல்லிக் காசு வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பழையதைக் கழுவிப் பூட்டியிருக்கிறது. பில்லும் தரவில்லை. என்ன செய்யலாம்? (மானிப்பாய் வாசகர்)

பதில்: இன்றே போய் பற்றுச்சீட்டு கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது அவர்களின் சட்டக் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பூட்டியிருக்கிற காபரேற்றரைக் கழற்ற முதல் பல பக்கமிருந்து படம் எடுங்கள். இன்னொரு மெக்கானிக்கிடம் அது பழையதுதான் என்று எழுதி வாங்குங்கள். காசைத் திருப்பித் தர மறுத்தால் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வேலை செய்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும், அதனால் 'அடுத்த மாதம் பார்ப்போம்' என்று விடாதீர்கள். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் 1977க்கு அழைத்துக் கேட்கலாம். இனி எந்தக் கராஜுக்குப் போனாலும் வேலை தொடங்க முதலே, கழற்றுகிற பழைய சாமான் எனக்கு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.