அம்பத்தூர் பழைய பட்டறை இடம்: அடுக்குமாடிக்கு அனுமதி மறுப்பு

அம்பத்தூரில் பூட்டிக் கிடக்கும் பட்டறை இடத்தில் அடுக்குமாடி கட்ட நீங்கள் போட்ட மனுவை, பட்டா, சொத்து வரி ரசீது எல்லாம் சரியாக இருந்தும் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) திருப்பி அனுப்பியது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டா யாருடைய நிலம் என்று சொல்லும். அதில் என்ன கட்டலாம் என்பதை, நகரின் எந்தப் பகுதி எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டம்தான் (மாஸ்டர் பிளான்) சொல்லும். 1971 நகர் ஊரமைப்புச் சட்டம் பிரிவு 32-இன் கீழ் நிலப் பயன்பாட்டு மாற்றம் வாங்குங்கள். கட்டட அனுமதி அதற்கு அப்புறம்தான்.

2008-இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தில் உங்கள் இடம் தொழிற்சாலைப் பகுதியில் விழுந்திருக்கும். அங்கே வாட்ச்மேன் போன்ற அவசியமான ஆட்களுக்கு வீடு கட்டலாம், விற்பனைக்கு ஃபிளாட் கட்ட முடியாது. பட்டறை பூட்டி எத்தனை வருஷம் ஆனாலும் வகைப்பாடு தானாக மாறாது.

மனு போடுமுன் ஒன்று பாருங்கள். சிஎம்டிஏ தளத்தில் கிராமம், சர்வே எண் கொடுத்தால் நிலப் பயன்பாடு தெரியும். உங்கள் பட்டாவில் டி.எஸ். எண் (நகர சர்வே எண்) இருந்தால் அதைப் போட்டுத் தேடாதீர்கள். பழைய சர்வே எண்ணை உட்பிரிவோடு எடுங்கள். பாதி குடியிருப்பு, பாதி தொழில் என்று வந்தாலும் வரலாம், அப்படியானால் வேலை குறைவு.

மாற்றம் உரிமையல்ல. நாளிதழில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபம் கேட்பார்கள். சுற்றிலும் ஓடும் தொழிற்கூடங்கள் இருந்தால் மறுக்கலாம். கிடைத்தாலும் எத்தனை மாடி என்பதை 2019 கட்டட விதிகளின்படி தெரு அகலம்தான் தீர்மானிக்கும். இடம் 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் திறந்தவெளி ஒதுக்கீடு, அதாவது பொதுப் பயன்பாட்டுக்குக் காலி இடம் விடும் விதி, வேறு சேரும். நிலப் பயன்பாட்டு மாற்றம் கிடைக்கும்வரை பில்டரிடம் அட்வான்ஸ் வாங்காதீர்கள்.