மதம், வரலாறு பற்றிய வெளிநாட்டு ஆய்வு நூல்களுக்கு ஏன் இவ்வளவு விலை?

சைவ மடங்கள் பற்றி ஐரோப்பாவில் வெளியான முந்நூறு பக்க நூல் 140 யூரோ என்கிறார்கள், இது பகல் கொள்ளை இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புதுச்சேரியில் இப்படிப்பட்ட நூல்களுக்கு டைப்செட்டிங்கும் காப்பி எடிட்டிங்கும் செய்து கொடுக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவன். ஆக்ஸ்ஃபோர்டு என்றோ நெதர்லாந்தின் லைடன் என்றோ அட்டையில் போட்டிருக்கும் பல நூல்களின் பக்கங்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும்தான் உருவாகின்றன. பதிப்புரிமைப் பக்கத்தில் சில சமயம் பொடி எழுத்தில் அதைக் குறிப்பிட்டிருப்பார்கள், பாருங்கள்.

அந்த 140 யூரோ உங்களை மனதில் வைத்துப் போட்ட விலையே இல்லை. பல்கலைக்கழக நூலகங்களுக்குப் போட்ட விலை. இந்த வகை நூல்கள் ஒரு காலத்தில் ஆயிரம் பிரதிக்கு மேல் அச்சாயின. 1980களுக்குப் பிறகு அறிவியல் ஆய்விதழ்களின் சந்தா ஏறிக்கொண்டே போய் நூலகங்களின் பணத்தைத் தின்றது. வரலாறு, சமயவியல் நூல்கள் வாங்குவதைத்தான் நூலகங்கள் முதலில் குறைத்தன. விற்பனை சில நூறு பிரதிகளாகச் சுருங்கியது. பதிப்பகம் விலையைக் கூட்டியது. விலை கூடியதும் தனி ஆட்கள் வாங்குவது நின்றது. அதனால் இன்னும் கூட்டியது. இப்போது பல நூல்களை ஆர்டர் வந்த பிறகுதான் ஒவ்வொன்றாக அச்சிடுகிறார்கள்.

அந்தப் பணம் எழுதியவருக்குப் போவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு ராயல்டி பெயரளவுதான், சிலருக்கு அதுவும் கிடையாது. கைப்பிரதியைப் படித்து மதிப்பிடும் பேராசிரியர்களுக்குக் கிடைப்பது ஒரு சிறு தொகை, அல்லது அதே பதிப்பகத்தின் ஓரிரு நூல்கள். எங்களுக்கு? பக்கக் கணக்கில் கூலி. அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

ஆனால் வேலை எளிதானது என்று நினைத்துவிடாதீர்கள். நாவலை அச்சுக்குக் கோப்பதற்கும் ஆகம நூலைக் கோப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. தமிழையும் சமஸ்கிருதத்தையும் ரோமன் எழுத்தில் தரும்போது எழுத்துக்கு மேலே கோடு, கீழே புள்ளி, கீழே கோடு என்று வரும். ளகரத்துக்குக் கீழே புள்ளி, ழகரத்துக்குக் கீழே கோடு. மாறிப்போனால் கிளி கிழி ஆகிவிடும். அரபு நூல்களில் அய்ன், ஹம்ஸா என்ற இரண்டு எழுத்துகளுக்கும் எதிரெதிராகத் திரும்பிய சின்ன அரைவட்டங்கள். வேர்ட் மென்பொருள் பாட்டுக்கு அவற்றை மேற்கோள் குறியாக மாற்றி வைத்திருக்கும். ஃபான்ட்டில் அந்த எழுத்து இல்லையென்றால் வெறும் கட்டம்தான் தெரியும். இந்தத் தொல்லைக்காகவே லைடனின் பிரில் பதிப்பகம் 5,000க்கும் மேற்பட்ட எழுத்துகளும் குறிகளும் கொண்ட சொந்த ஃபான்ட் ஒன்றைச் செய்து வாங்கியது. வணிகம் சாராத பயன்பாட்டுக்கு அது இலவசம். ஆய்வேடு எழுதுபவர்கள் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

தவறு கண்ணில் பட்டாலும் நாங்களாகத் திருத்தக் கூடாது. ஓரத்தில் கேள்வி போட்டு எழுதியவருக்கு அனுப்ப வேண்டும். காவிரிக்கரை ஊர் ஒன்று தென்கரையா வடகரையா என்று கேட்டால், ஹைடல்பெர்க்கிலிருந்து 'நன்றி, திருத்துங்கள்' என்று பதில் வரும். அதில் ஒரு அல்ப சந்தோஷம் உண்டு.

பெரிய திட்டங்களில் பதிப்பகத்தின் பங்கை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிரிலின் இஸ்லாமியக் கலைக்களஞ்சியம் இரண்டாம் பதிப்பு 1954இல் தொடங்கி 2005இல்தான் முடிந்தது. அரை நூற்றாண்டு ஒரு காரியத்தைக் கைவிடாமல் நடத்துவது லேசில்லை. ஆனால் ஒரு தனி ஆய்வேட்டை நூலாக்கி, அதன் பிடிஎஃபையும் அச்சு நூலின் விலைக்கே விற்பதற்கு எந்த நியாயத்தையும் நான் கேள்விப்பட்டதில்லை. பதிப்பகங்களை மட்டும் திட்டுவதும் சரியல்ல. பெரிய பதிப்பகத்தின் பெயர் இருந்தால்தான் பதவி உயர்வு என்று வைத்திருப்பது பல்கலைக்கழகங்கள்தான். பெயர் பதிப்பகங்களிடம் இருக்கிறது, விலையும் அவர்கள் கையில்.

திறந்த அணுக்கம் என்று ஒரு வழி வந்திருக்கிறது. வாசகருக்கு இலவசம், செலவை எழுதியவரோ அவருடைய பல்கலைக்கழகமோ ஏற்க வேண்டும். ஒரு நூலுக்கு 10,000 யூரோவைத் தாண்டுவதும் உண்டு. ஐரோப்பிய ஆய்வு நிதி கையில் இருப்பவருக்குச் சரி. மதுரையில் ஒரு கல்லூரியில் வேலை பார்ப்பவர் எங்கே போவார்? நம் அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' 2025இல் தொடங்கியது. அது அரசுக் கல்வி நிறுவனங்களுக்கான ஆய்விதழ்த் திட்டம். நீங்கள் கேட்கும் நூல் அதில் வராது.

உங்கள் நூலுக்கு வருகிறேன். முதலில் திறந்த அணுக்க நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஓஏபென் (OAPEN) தளத்தில் தேடுங்கள். அங்கே இருந்தால் முழு நூலும் இலவசம். இல்லையென்றால் எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுங்கள். எந்த அத்தியாயம், எதற்காக என்று இரண்டு வரி எழுதினால் பலர் அனுப்பிவிடுகிறார்கள். தன் நூலை ஒருவர் படிக்கக் கேட்பது அவர்களுக்கும் அடிக்கடி நடப்பதில்லை. புதுச்சேரிப் பக்கம் வந்தால் பிரெஞ்சு நிறுவன நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். 1955இல் தொடங்கியது. அவர்களிடம் உள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்தவை. அவர்கள் வெளியிட்ட நூல்கள் சில ஓப்பன்எடிஷன் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அப்புறம், அவசரம் இல்லையென்றால் ஓரிரு வருடம் பொறுங்கள். பர்மனன்ட் பிளாக், ஓரியண்ட் பிளாக்ஸ்வான் போன்ற இந்தியப் பதிப்பகத்தார் வெளிநாட்டு நூல்கள் சிலவற்றுக்கு இந்தியப் பதிப்பு கொண்டு வருவார்கள். அட்டையிலோ உள்ளேயோ 'தெற்காசியாவில் மட்டும் விற்பனைக்கு' என்று போட்டிருக்கும். தாள் கொஞ்சம் மட்டம்தான், ஆனால் அதே பக்கங்கள், அதே அடிக்குறிப்பு, அதே இன்டெக்ஸ். ஆயிரம் ரூபாய் சுற்றி முடிந்துவிடும்.