சங்கு ஊதாத காலை – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். எனக்கு வயது 33. கிண்டியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. இரண்டு வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் தாத்தா வடசென்னையில் மில் தொழிலாளி. 1996ல் மில் மூடப்படுவது வரை பதினோரு அத்தியாயம் முடித்துவிட்டேன். அதோடு நின்றுபோய் ஐந்து மாதம் ஆகிறது. தினமும் லேப்டாப்பைத் திறந்து முதல் அத்தியாயத்தில் நாலு வரி திருத்துவேன், மூடிவிடுவேன். தாத்தா இப்போது இல்லை. பாட்டி மட்டும் ஓட்டேரியில் இருக்கிறார். "எழுதி என்ன ஆகப்போகுது" என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் அப்படித் தோன்ற ஆரம்பித்துவிட்டது. உங்களுக்கு மட்டும் உற்சாகம் எப்படி வற்றாமல் இருக்கிறது? ஒரு நாளைக்கு எவ்வளவு எழுதுவீர்கள்?

க., அம்பத்தூர்

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உற்சாகம் வற்றிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. வற்றியிருந்தால் ஐந்து மாதமாகத் தினமும் லேப்டாப்பைத் திறக்கமாட்டீர்கள். எந்த இடத்தில் நின்றிருக்கிறீர்கள் என்று பாருங்கள். மில் மூடிய இடத்தில். மறுநாள் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் நன்றாகத் தெரிந்த முதல் அத்தியாயத்துக்கே திரும்பத் திரும்பப் போகிறீர்கள்.

நானும் இப்படி நின்றிருக்கிறேன். பக்கிங்ஹாம் கால்வாயில் படகு இழுத்தவர்களைப் பற்றிய நாவல் அது. இன்றைக்குப் பறக்கும் ரயிலின் தூண்கள் இறங்கி நிற்கிற அந்தத் தண்ணீரில், ஒரு காலத்தில் ஆந்திரப் பக்கமிருந்து விறகும் உப்பும் படகு படகாக வந்து இறங்கின. பதினான்காம் அத்தியாயத்தில் எட்டு மாதம் அசையவில்லை. எழும்பூருக்குப் போய் கன்னிமாரா நூலகத்திலும் ஆவணக் காப்பகத்திலும் வாரக்கணக்கில் உட்கார்ந்தேன். 1806ல் எண்ணூர் வரை வெட்டினார்கள், 1877-78 பஞ்சத்தில் பட்டினி கிடந்த சனங்களை வைத்துக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே வெட்டி இணைத்தார்கள் என்றெல்லாம் நோட்டு நோட்டாகக் குறிப்பு சேர்ந்தது. ஒரு வரி நகரவில்லை. எழுத்தே என்னை விட்டுப் போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்புறம் எண்ணூர் பக்கம் ஒரு பெரியவரைப் பார்த்தேன். சின்ன வயதில் அப்பாவோடு படகில் போனவர். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி, அதுவும் ஆகாத இடத்தில் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுப்பது. தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்து நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு, கயிறு எங்கே அழுத்தும் என்று முன்னால் சாய்ந்து காட்டினார். ராத்திரி சாப்பாடு எப்படி என்று கேட்டேன். படகில் மண் தட்டி அதன்மேல் அடுப்பு வைத்திருப்பார்களாம். "வெறகு?" என்றேன். படகு நிறைய விறகு இருக்கும்போது இதை ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. "அது சரக்காச்சே. அதுல கை வெக்கக் கூடாது. அப்பா கயித்த இழுத்துனு போவாரு, நான் கரையில சுள்ளி பொறுக்கினு பின்னால வருவேன்" என்றார்.

அன்று ராத்திரியே உட்கார்ந்தேன். ஒரு படகு விறகை நெஞ்சால் இழுக்கிறவனுக்கு, தன் சோற்றுக்குச் சுள்ளிதான். அவனுடைய பையன் அதைப் பொறுக்கியபடி பின்னால் நடந்து வருகிறான். எட்டு மாதமாக வாய் திறக்காத அந்தப் பையன் பேச ஆரம்பித்தான். பதினெட்டாம் அத்தியாயம் வரை நான் எங்கேயும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு எழுத்து நின்றால் நான் என்னைத் திட்டிக்கொள்வதில்லை. இந்த ஆளைப் பற்றி எனக்கு என்ன தெரியாது என்று ஒரு காகிதத்தில் எழுதுவேன். பெரும்பாலும் ரொம்பச் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். அதைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

தினசரி வழக்கம் கேட்டிருந்தீர்கள். காலை ஐந்திலிருந்து ஆறரை வரை, கோடு போடாத லாங் சைஸ் நோட்டில், கையால். சாயங்காலம் தட்டச்சு. 300 வார்த்தை வந்தால் போதும். வாரத்தில் ஐந்து நாள், ஐம்பது வாரம் என்று போட்டுப் பாருங்கள், 75,000 வார்த்தை. ஒரு நாவலுக்கு அது தாராளம். முக்கியமாக, அடுத்த வரி தெரிந்திருக்கும்போதே நோட்டை மூடிவிடுவேன். தெரிந்ததையெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டு எழுந்தால் மறுநாள் காலை உட்காரவே மனசு வராது. நீங்களும் முதல் அத்தியாயத்தை இப்போதைக்குத் திறக்காதீர்கள். எழுதியதில் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேலே போங்கள். அம்பத்தூரிலிருந்து சென்ட்ரல் வந்து, பார்க் ஸ்டேஷனில் மாறித்தான் கிண்டி போவீர்கள் என்று நினைக்கிறேன். ரயிலில் எழுத வேண்டாம். அந்த நேரத்தில் உங்கள் ஆட்களை மனசில் நடமாட விடுங்கள், போதும்.

ஜனவரி புத்தகக் கண்காட்சிக்குள் முடித்தாக வேண்டும் என்று மட்டும் தேதி குறித்துக்கொள்ளாதீர்கள். நான் ஒரு முறை அப்படி ஓடினேன். கடைசி மூன்று அத்தியாயங்களை டிசம்பரில் பதினைந்து நாளில் முடித்துக் கொடுத்தேன். புத்தகம் நந்தனத்தில் அடுக்கில் இருந்தது. அந்த மூன்று அத்தியாயங்களை இன்றுவரை என்னால் திரும்பப் படிக்க முடியவில்லை. அந்த மனிதர்களுக்கு நான் துரோகம் செய்துவிட்டேன்.

எழுதி என்ன ஆகும் என்ற கேள்விக்கு வருகிறேன். நாவல் எழுதி வீட்டு வாடகை கட்ட முடியாது, அது உண்மை. வீட்டில் கேட்பதிலும் தப்பில்லை. ஆனால் உங்கள் தாத்தாவைப் பற்றி வேறு யார் எழுதப்போகிறார்கள்? 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த கதையும் 1921 மில் வேலைநிறுத்தமும் புத்தகங்களில் இருக்கின்றன. நீங்களும் படித்திருப்பீர்கள். மில் சங்கு ஊதாத முதல் காலையில் உங்கள் தாத்தா என்ன செய்தார் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது ஓட்டேரியில் பாட்டியிடம் இருக்கிறது.

அவரிடம் போங்கள். போனதும் போனில் பதிவு போட்டு முன்னால் வைக்காதீர்கள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் நீங்களும் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். சங்கு ஊதாவிட்டாலும் தாத்தா அதே நேரத்துக்கு எழுந்தாரா? எழுந்து எங்கே போனார்? டிபன் கேரியரை அன்றைக்குப் பாட்டி கட்டினாரா? அந்தக் கேரியர் இப்போது எங்கே இருக்கிறது? கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், அவராகச் சொல்வார்.

பாட்டிக்கு எண்பது தாண்டியிருக்கும் இல்லையா? அடுத்த மாதம் என்று தள்ளாதீர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்புங்கள். பன்னிரண்டாம் அத்தியாயம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். கட்டாயம் படிக்கிறேன்.

அன்புடன்.