கேள்வி – பதில்: சுவரொட்டி வேறு, பாடல் உறை வேறு

கேள்வி: அப்பா கேசட் கடையில் பதிவு செய்து வாங்கி வைத்திருந்த பழைய திரைப்பாடல்களை எல்லாம் கணினியில் ஏற்றி, படவாரியாகப் பிரித்துவிட்டேன். அவற்றுக்கு உறைப்படம் ஏதும் இல்லை. இணையத்தில் கிடைக்கும் சுவரொட்டிகளைச் சதுரமாக வெட்டி வைத்துப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை. நானே வடிவமைக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நீங்கள் வெட்டிய விதத்தில் குறை இல்லை. நம் நாட்டுத் திரைப்படச் சுவரொட்டியின் வழக்கமான அளவு 30-க்கு 40 அங்குலம். நெட்டுவாக்கில் அமைந்த அந்தத் தாளில் மேலே நடிகர்களின் முகங்களும், கீழே படத்தின் பெயரும், அதற்கும் கீழே கலைஞர்களின் பட்டியலும் இருக்கும். சதுரமாக்கும்போது இவற்றில் ஏதேனும் ஒன்றை இழந்தே ஆக வேண்டும். அதைவிட முக்கியமானது, தெருவில் போகிறவரைத் திரையரங்கிற்கு அழைப்பது சுவரொட்டியின் வேலை என்பதும், கேட்கப்போகும் இசை எத்தகையது என்று சொல்வது பாடல் உறையின் வேலை என்பதுமாகும்.

இரண்டு வேலைகளையும் ஒரே உருவத்தால் செய்து காட்டியவர் அமெரிக்க வடிவமைப்பாளர் சால் பாஸ். 1959-இல் வெளிவந்த 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்' படத்திற்கு, துண்டு துண்டாக வெட்டிய தாளால் ஆனது போன்ற ஒரு மனித உருவத்தை அவர் அமைத்தார். டியூக் எலிங்டன் இசையமைத்த அந்தப் படத்தின் இசைத்தட்டு உறையிலும் அதே உருவம் இடம்பெற்றது. முகங்களை நம்பாமல் ஒரு வடிவத்தை மட்டும் நம்பியதால்தான், அது சுவரிலும் நின்றது, சதுர உறையிலும் நின்றது. நம் பழைய திரைப்படங்களில் அந்த வலிமை பெரும்பாலும் தலைப்பு எழுத்துகளில் இருந்தது. ஈஸ்வர், பரணி போன்ற விளம்பர வடிவமைப்பாளர்களின் காலத்தில் அவை கையால் வரையப்பட்டவை என்பதால், ஒவ்வொரு படத்தின் பெயருக்கும் தனி முகம் இருந்தது. அந்த எழுத்தின் தெளிவான படி கிடைத்தால், முகங்களை விட்டுவிட்டு அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்.

வரையத் தொடங்கும் முன் தொகுப்பை முதலிலிருந்து இறுதிவரை, எந்தப் படத்தையும் பார்க்காமல் கேளுங்கள். எந்த ஒலி மீண்டும் மீண்டும் வருகிறது, பாடல்கள் நிகழும் வேளை எது, நிலம் எது என்று குறித்துக்கொண்டு, அவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். கதாநாயகன், கதாநாயகி, வில்லன், கோயில், ரயில் என அனைத்தையும் ஒரே சதுரத்தில் அடைக்கும் ஆசையை அடக்குவதுதான் இந்தக் கலையில் மிகக் கடினமான பகுதி. பாடல்களில் கடல் இருந்தால் உங்கள் ஊரிலேயே தேவனாம்பட்டினம் இருக்கிறது. கிழக்குக் கரையானதால் விடியலில் கடலுக்கு மேலே எழும் வெளிச்சத்தை நீங்களே படம் எடுத்துவிடலாம். இணையப் படங்களின் மங்கலும் அதில் இராது, உரிமைச் சிக்கலும் இராது.

கைப்பேசிக்கான கோப்பை 3000-க்கு 3000 பிக்சல் அளவில் அமையுங்கள். ஆனால், அதைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். தமிழ்த் தலைப்பில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். ஆகவே தடித்த எழுத்துரு தேவை. இலவசமாகக் கிடைப்பவற்றுள் 'பலூ தம்பி' இதற்கு நன்றாகப் பொருந்தும். பெயர் நீளமாக இருந்தால் சொல் முடியும் இடத்தில் இரண்டு வரியாக்குங்கள். எழுத்துகளைப் பக்கவாட்டில் நெருக்கி ஒல்லியாக்குவது கண்ணுக்குச் செய்யும் கொடுமை. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால், அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குச் சென்று, தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துப் பொறியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இலவச வரைகலை மென்பொருளான இன்க்ஸ்கேப்பில் யுனிகோடு தமிழ் பொதுவாக இந்தத் தொல்லை இல்லாமலே சரியாக வரும்.

கேள்வி: அண்ணனுக்குப் பரிசளிக்க ஒரு குறுந்தகட்டு உறையை அச்சிட்டேன். திரையில் பளிச்சென்று இருந்த நீலம் அச்சில் மங்கிவிட்டது. ஓரத்தில் வெள்ளைக் கோடும் விழுந்தது.
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: திரை ஒளியால் நிறம் காட்டுகிறது; அச்சு நான்கு மைகளால் காட்டுகிறது. மின்னும் நீலத்தையும் பச்சையையும் அந்த நான்கு மைகளால் எட்ட முடியாது. எனவே கோப்பை அச்சுக்குரிய நான்கு நிற முறைக்கு (CMYK) மாற்றிப் பார்த்து, அங்கே உயிரோடு இருக்கும் நிறங்களையே தேர்ந்தெடுங்கள். வெள்ளைக் கோட்டைத் தவிர்க்க, நான்கு புறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாகப் படத்தை நீட்டிக்கொடுங்கள். முன்னட்டை 120-க்கு 120 மில்லிமீட்டர். பின்னட்டை 151-க்கு 118. இதில் இரு பக்கமும் மடியும் 6.5 மில்லிமீட்டர் முதுகுப் பட்டைகளும் அடக்கம். அலமாரியில் கண்ணுக்குத் தெரியப்போவது அந்தப் பட்டை மட்டுமே என்பதால், படத்தின் பெயரையும் இசையமைப்பாளர் பெயரையும் அதில் அக்கறையோடு எழுதுங்கள். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில், கூடுதல் ஓரத்தையும் சேர்த்து, முன்னட்டைக்கு ஒரு பக்கம் ஏறத்தாழ 1,490 பிக்சல் தேவைப்படும்.

உங்கள் ஊரின் ஆசிரமக் கைத்தாள் (கையால் செய்த தாள்) பரிசுக்கு அழகுதான். ஆனால் சொரசொரப்பான கைத்தாளில் புகைப்படத்தின் நுண்மை தங்காது. இரண்டு நிற ஓவியமோ தனி எழுத்தோ அதில் சிறப்பாக அமையும்.

கேள்வி: இப்படிச் செய்த உறைகளைக் காந்தி வீதி ஞாயிறு சந்தையில் விற்கலாமா?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: கூடாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சொந்தப் பயன்பாட்டிற்கான நியாயமான கையாளலுக்கு இடம் தருகிறது; வணிகம் அதில் சேராது. படக்காட்சி, சுவரொட்டி ஓவியம், பாடல் நிறுவனத்தின் சின்னம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. வீட்டில் வைத்துக்கொள்ளும் உறையிலும் நிறுவனச் சின்னத்தை ஒட்டாமல், 'ரசிகர் வடிவமைப்பு' என்று ஓரத்தில் சிறிதாக எழுதிவிடுங்கள். பிற்காலத்தில் அது கைமாறினாலும் அசல் என்று எவரும் ஏமாற மாட்டார்கள். இதைத் தொழிலாக்க விரும்பினால், குறும்படம் எடுப்பவர்களுக்கும் தனி இசைத்தொகுப்பு வெளியிடுபவர்களுக்கும் புதிதாக வரைந்து கொடுங்கள். அசல் ஓவியம் யாருக்கு உரியது, அவர்கள் அதை எங்கெங்கே பயன்படுத்தலாம் என்பதை முன்பணம் வாங்கும்போதே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.